ஒளியியல் தாளை மூடிவைக்காதீர்கள்



தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இயற்பியல் இளநிலை, முதுநிலை கடைசி ஆண்டில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். படிப்பு முடிந்ததும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று உங்களில் யாரைக் கேட்டாலும் பதில் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. பி.எட். முடித்து ஆசிரியர் தகுதித் தேர்வு, குரூப் தேர்வு, வங்கித் தேர்வு, அதுவும் இல்லையென்றால் ஏதாவது ஓர் ஐ.டி. நிறுவனம். இவை எல்லாமே மதிக்கத்தக்க வழிகள்தான். ஆனால் நீங்கள் வகுப்பில் படித்த ஒளியியலையே அன்றாட வேலையாகச் செய்து பிழைக்கும் தொழில் ஒன்று இருக்கிறது. அதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம். விளக்குகளுக்கு லென்ஸும் ரிஃப்ளெக்டரும் வடிவமைக்கும் ஒளியியல் பொறியாளர் வேலைதான் அது. நான் அந்த வேலையில் இருக்கிறேன். அதற்கு என்ன படிக்க வேண்டும், எங்கே படிக்கலாம், அந்த வேலையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவரை சொல்கிறேன்.

உங்கள் ஆய்வகத்தில் ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கும். சோடியம் விளக்கை ஏற்றி, பிரிசத்தைத் திருப்பித் திருப்பி ஐ-டி வளைவு வரைந்திருப்பீர்கள். ஏர் வெட்ஜ் வைத்து மெல்லிய கம்பியின் தடிமனைக் கண்டிருப்பீர்கள். செய்முறை நோட்டில் கையெழுத்து வாங்கியதும் அது முடிந்தது என்று நினைத்திருப்பீர்கள். 1906-இல் சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த சி.வி. ராமன் இதே வகைக் கருவியில் பிரிசத்தை வைத்துப் பார்த்தபோதுதான் ஒளிப்பட்டைகள் இரு பக்கமும் சமமாக இல்லாததைக் கவனித்தார். அதைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை லண்டன் ஃபிலசாஃபிக்கல் மேகசீனில் வந்தபோது அவருக்கு வயது 18. அந்தக் கருவி இன்றும் உங்கள் மேசையில் இருக்கிறது. ஒரு டிகிரியை அறுபது கலைகளாகப் பிரித்து வெர்னியரில் படிக்கும் உங்கள் பழக்கம், நான் வேலைக்கு ஆள் எடுக்கும்போது தேடும் பழக்கம்.

வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு தெருவிளக்கை எடுத்துக்கொள்வோம். கம்பத்தின் உயரம் 9 மீட்டர், அடுத்த கம்பம் 30 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். இரண்டுக்கும் நட்ட நடுவிலுள்ள இடம் கம்பத்தடியிலிருந்து 15 மீட்டர். விளக்கிலிருந்து நேர் கீழே இறங்கும் கோட்டுக்கும் அந்த இடத்தை நோக்கிப் போகும் கதிருக்கும் இடைப்பட்ட கோணம் 59 டிகிரி. 60 என்றே வைத்துக்கொள்வோம். இனி பிளஸ் டூவில் படித்த இரண்டு விதிகள் போதும். வெளிச்சம் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். சாய்வாக விழும் ஒளி, கோசைன் அளவுக்குத் தரையில் பரந்து மெலியும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் தரையில் விழும் வெளிச்சம் கோசைனின் மும்மடியில் குறைகிறது. 60 டிகிரிக்குக் கோசைன் அரை, அதன் மும்மடி எட்டில் ஒன்று. எல்.இ.டி. சில்லு தன் பங்குக்கு இன்னொரு கோசைனைச் சேர்க்கிறது. நேர் கீழே வீசும் செறிவில் பாதியைத்தான் அது 60 டிகிரியில் வீசும். ஆகவே லென்ஸ் இல்லாத வெறும் சில்லைக் கம்பத்தில் மாட்டினால், அடியில் 16 பங்கு வெளிச்சம் இருக்கும்போது நடுவில் ஒரு பங்குதான் கிடைக்கும். அடுத்த விளக்கும் ஒரு பங்கு தரும். 16-க்கு 2. கம்பத்தடியில் ஊசி விழுந்தால் பொறுக்கலாம், நடுவில் பள்ளம் இருந்தாலும் தெரியாது.

இதைச் சரிசெய்வதுதான் லென்ஸின் வேலை. நேர் கீழே போகும் செறிவைப்போல நான்கு மடங்கை அது 60 டிகிரித் திசையில் அனுப்ப வேண்டும். அதே சமயம் 75, 80 டிகிரிக்கு மேல் ஒளி போனால் வண்டியில் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். அங்கே செறிவைச் சட்டென்று இறக்கியாக வேண்டும். சாலையின் நீளவாக்கில் இப்படி என்றால், குறுக்குவாக்கில் கணக்கே வேறு. ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் யாரோ ஒருவரின் படுக்கையறை ஜன்னல். இந்த நிபந்தனைகள் எல்லாம் சேர்ந்துதான் தெருவிளக்கு லென்ஸுக்கு நிலக்கடலை ஓட்டைப் போல நடுவில் இடுங்கிய உருவத்தைக் கொடுக்கின்றன. அடுத்த முறை பழுதான எல்.இ.டி. தெருவிளக்கு ஒன்று கையில் கிடைத்தால் திறந்து பாருங்கள், வரிசை வரிசையாக அந்தக் கடலைகள் இருக்கும்.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1944, முக்கியச் சாலைகளுக்குச் சராசரியாக 30 லக்ஸ் வேண்டும் என்கிறது. அதோடு, வெளிச்சம் மிகக் குறைந்த இடத்தில்கூட அந்தச் சராசரியில் 0.4 பங்காவது இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது நிபந்தனைதான் ஒளியியல் பொறியாளருக்கு வேலை கொடுக்கிறது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின் வழியாக மட்டும் 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. வாட் குறைந்தது, மின்கட்டணம் குறைந்தது. ஆனால் அந்த வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்ற கேள்விக்கு நாம் அதே அக்கறை காட்டவில்லை. பல இடங்களில் தெருவிளக்குக்கு வெளிநாட்டு லென்ஸ் பட்டியல் ஒன்றைப் புரட்டி, அளவில் பொருந்துவதை எடுத்துப் பொருத்திவிடுகிறார்கள். அந்த லென்ஸ் நல்ல லென்ஸ்தான். வேறொரு நாட்டின் அகலமான சாலைக்கும் ஒழுங்கான கம்ப இடைவெளிக்கும் கணக்கிட்டுச் செய்தது. வேப்ப மரக் கிளைகளுக்கு நடுவே, வீட்டுத் திண்ணைக்கு ஒட்டி, ஒரு கம்பம் 22 மீட்டரிலும் அடுத்தது 38 மீட்டரிலும் நிற்கும் நம் தெருவுக்கு யார் கணக்கிடுவது? நம் தெருக்களைத் தெரிந்தவர்கள்தான் கணக்கிட வேண்டும். இந்த மடலை எழுத என்னைத் தூண்டியதும் இதுதான்.

கல்லூரியில் நாம் படிக்கும் ஒளியியல் பெரும்பாலும் உருவம் தோன்றுவதைப் பற்றியது. லென்ஸின் குவியம், பிம்பத்தின் அளவு, கோளப் பிறழ்ச்சி, நிறப் பிறழ்ச்சி. விளக்கு வடிவமைப்பில் பிம்பம் தேவையில்லை. பல நேரம் அது தொல்லை. சில்லின் சதுர உருவம் சுவரில் விழுந்தால் வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். இங்கே வேண்டியது ஒளி ஆற்றலை எடுத்த இடத்திலிருந்து கொடுக்க வேண்டிய இடத்துக்குச் சிந்தாமல் கொண்டுபோவது. நான்-இமேஜிங் ஆப்டிக்ஸ் என்று அழைக்கப்படும் இந்தத் துறைக்கு 1960-களில் அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரோலண்ட் வின்ஸ்டன். அவர் விளக்கு செய்யப் புறப்பட்டவர் இல்லை. துகள் இயற்பியல் ஆய்வில் செரன்கோவ் கதிர்வீச்சின் மங்கலான ஒளியைச் சேகரிக்க ஒரு கூம்பு வேண்டியிருந்தது. அதற்கான வடிவத்தைத் தேடியபோது பிறந்ததுதான் கூட்டுப் பரவளையக் குவிப்பான். வின்ஸ்டனும் மாட்ரிட்டைச் சேர்ந்த மின்யானோ, பெனிட்டெஸ் இருவரும் 2005-இல் எழுதிய பாடநூல் இன்றும் எங்கள் மேசைகளில் இருக்கிறது.

அந்தத் துறையின் மையக் கருத்து எட்டாண்டூ. ஒளி வெளிவரும் பரப்பையும் அது விரியும் கோணத்தையும் சேர்த்துப் பெருக்கினால் வரும் அளவு அது. எந்த லென்ஸாலும், எந்தக் கண்ணாடியாலும் இதைக் குறைக்க முடியாது. 1 மில்லிமீட்டர் சதுரச் சில்லு ஒன்று முன்பக்கம் முழுவதும் ஒளி வீசுகிறது. அதை இரு பக்கமும் 5 டிகிரிக்குள் அடங்கும் ஒடுங்கிய கற்றையாக்க வேண்டுமா? லென்ஸின் வாய் குறைந்தது 11.5 மில்லிமீட்டர் சதுரமாக இருந்தே தீர வேண்டும். 10 டிகிரி போதுமென்றால் 6 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் போதும். விற்பனைப் பிரிவிலிருந்து வருபவர் லென்ஸ் சட்டைப் பொத்தான் அளவுக்கு இருக்க வேண்டும், ஒளியும் நூறு மீட்டர் தாண்டிப் போக வேண்டும் என்று கேட்பார். மென்பொருளைத் திறக்கும் முன்பே, ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டு அவரிடம் காட்ட வேண்டும். முடியாததை முடியாது என்று முதல் நாளே எண்ணோடு சொல்லத் தெரிந்தவரே நல்ல ஒளியியல் பொறியாளர். இயற்பியல் படித்தவருக்கு இது இயல்பாக வரும். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியோடு எட்டாண்டூவுக்கு இருக்கும் உறவை உங்களால் ஒரு மாலைப் பொழுதில் புரிந்துகொள்ள முடியும்.

எம்.எஸ்சி. படிப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. கணித இயற்பியல் தாளில் வரும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளை எதற்காகப் படிக்கிறோம் என்று சலித்துக்கொள்கிறீர்கள் அல்லவா? காஸ்பார் மோன்ழ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1781-இல் ஒரு கேள்வி கேட்டார். ஓரிடத்தில் குவிந்திருக்கும் மண்ணை இன்னோரிடத்தில் கரையாக எழுப்ப வேண்டும்; மிகக் குறைந்த உழைப்பில் எந்தக் கூடை மண் எங்கே போக வேண்டும்? இருநூறு ஆண்டு கழித்து அந்தக் கேள்வியே விளக்கு லென்ஸின் கேள்வியாக வந்து நிற்கிறது. சில்லின் ஒவ்வொரு கோணத்திலிருந்தும் புறப்படும் ஒளி சாலையின் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று எழுதினால், லென்ஸின் மேற்பரப்பு மோன்ழ்-ஆம்பேர் வகைச் சமன்பாட்டின் தீர்வாக வருகிறது. அதைக் கணினியில் தீர்க்கும் முறைகளைப் பற்றி இன்றும் ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. கணக்கில் ஆர்வமுள்ளவருக்கு இதைவிட நல்ல வயல் கிடைக்காது.

அடுத்து வண்டி விளக்கு. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரவு நெடுஞ்சாலையில் போனவர்களுக்குத் தெரியும். எதிரே வரும் சில வண்டிகளின் வெள்ளை ஒளி கண்ணைக் குருடாக்கிவிட்டுப் போகும். வண்டியின் முன்விளக்கில் வரும் ஹெச்4 ஹாலஜன் பல்பில் இரண்டு இழைகள் உண்டு. டிம் இழைக்குக் கீழே ஒரு சிறு உலோகத் தொட்டி இருக்கும். இழையிலிருந்து கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறைப்பதால்தான் ரிஃப்ளெக்டரிலிருந்து மேல்நோக்கி ஒளி கிளம்புவதில்லை. எதிரே வருபவரின் கண்மட்டத்துக்குக் கீழே, கத்தரித்ததுபோல் ஒரு கோட்டில் வெளிச்சம் நின்றுவிடும். இடப்பக்கம் வண்டி ஓட்டும் நம் நாட்டில், கார் விளக்கின் அந்தக் கோடு வலப்பக்கம் சமமாகவும் இடப்பக்கம் 15 டிகிரி ஏறியும் இருக்கும். நடந்துபோகிறவர் தெரிய வேண்டும், எதிரே வருபவருக்குக் கூசக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்தப் பல்பைக் கழற்றிவிட்டு, கடையில் கிடைக்கும் ஏதோ ஓர் எல்.இ.டி. பல்பைச் செருகும்போது என்ன ஆகிறது? இழை இருந்த அதே இடத்தில், அதே அளவில் சில்லு அமைவதில்லை. ரிஃப்ளெக்டரின் குவியத் தொலைவு 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒளிமூலம் 1 மில்லிமீட்டர் இறங்கினால், 25 மீட்டருக்கு அப்பால் கற்றை 1 மீட்டர் ஏறிவிடும். டிம் வெளிச்சமோ 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டியது. பரவளையத்தின் குவியத்தைப் பற்றிப் படித்த எந்த மாணவரும் இதைத் தாளில் நிரூபிக்கலாம். வாட் கூடினால் வெளிச்சம் கூடும், வெளிச்சம் கூடினால் பாதுகாப்பு கூடும் என்று நம்பி ஒருவர் செய்யும் மாற்றம், எதிரே சைக்கிளில் வருபவரின் உயிரோடு விளையாடுகிறது. 60 வயதுக்காரரின் கண்ணுக்குள் ஒளி அதிகமாகச் சிதறும் என்பதால் அவருக்கு இந்தக் கூச்சம் இன்னும் கொடுமை.

வாகன விளக்குத் துறை சென்னையை ஒட்டியே இருக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஜப்பானின் கொய்ட்டோவோடு தொடர்புள்ள இந்தியா ஜப்பான் லைட்டிங் இங்கேதான் விளக்குகளைச் செய்கிறது. பிரான்ஸின் வாலியோவுக்குச் சென்னையில் பெரிய பொறியியல் மையம் உண்டு. புனே பக்கம் இன்னும் பல நிறுவனங்கள்.

கணினித் திரையில் லென்ஸ் வரைவதோடு வேலை முடிவதில்லை. அதை வார்த்தெடுக்க வேண்டும். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, பாலிகார்பனேட்டுக்கு ஏறக்குறைய 1.59, சிலிக்கோனுக்கு 1.41. எண்களை மட்டும் பார்த்து யாரும் பொருளைத் தேர்ந்தெடுப்பதில்லை. அக்ரிலிக் வெயிலில் மஞ்சளிக்காது, ஆனால் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் இளகும். பாலிகார்பனேட் கல்லடி தாங்கும், சூடு தாங்கும், ஆனால் வெயிலுக்குப் பூச்சு வேண்டும். லென்ஸ் தடிமனாக இருந்தால் மோல்டுக்குள் மெதுவாக ஆறும். நடுவில் குழி விழும். அந்தக் குழி தெரு நடுவே கருநிழலாகத் தெரியும். மேற்பரப்பு கால் டிகிரி சாய்ந்தாலே போதும், ஒளிக்கற்றை தடம் மாறிவிடும். அதனால் அம்பத்தூரிலோ கோவையிலோ உள்ள ஒரு டூல் ரூமில் போய் நில்லுங்கள் என்று சொல்வேன். மோல்டை எப்படிப் பிரிக்கிறார்கள், பிளாஸ்டிக் எந்த வழியாக உள்ளே போகிறது, வார்த்த பொருளை வெளியே எடுக்கச் சுவரில் எவ்வளவு சாய்வு விடுகிறார்கள் என்று கேளுங்கள். அங்கே முப்பது வருடம் வேலை செய்த அண்ணன் ஒருவர் லென்ஸைத் தடவிப் பார்த்தே குறையைச் சொல்லிவிடுவார். அவரிடம் மரியாதையாகப் பழகத் தெரியாத பொறியாளர் எவ்வளவு படித்திருந்தாலும் நல்ல விளக்கு செய்துவிட முடியாது. கிண்டியிலுள்ள சிப்பெட் நிறுவனம் பிளாஸ்டிக் வார்ப்பில் பயிற்சி தருகிறது; இயற்பியல் படிப்போடு அந்த அறிவும் சேர்ந்த ஒருவர் என்னிடம் வந்தால் இரண்டாம் கேள்வி கேட்க மாட்டேன்.

எங்கே படிக்கலாம்? டெல்லி ஐ.ஐ.டி.யில் பயன்பாட்டு ஒளியியலில் எம்.டெக். நீண்ட காலமாக நடக்கிறது. இயற்பியல் முதுகலை முடித்தவர்கள் கேட் தேர்வு எழுதிச் சேரலாம். கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு ஒளியியலுக்கும் ஃபோட்டானிக்ஸுக்கும் தனித் துறை உண்டு. அதே ஊரில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் ஒளியமைப்புப் பொறியியலையே முதுநிலைப் பாடமாக நடத்துகிறது. நம் நாட்டில் இது அரிது. நமக்கு மிகப் பக்கம் கொச்சிப் பல்கலைக்கழகத்தின் ஃபோட்டானிக்ஸ் பள்ளி. வெளிநாடு போக வசதியும் உதவித்தொகையும் அமைந்தால் அமெரிக்காவின் ராச்செஸ்டர், அரிசோனா இரண்டும் ஒளியியலுக்குப் பெயர்பெற்றவை. ராச்செஸ்டரின் ஒளியியல் நிறுவனம் 1929-இலேயே தொடங்கியது. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ, இல்மெனாவ் இரண்டிலும் விளக்குத் தொழில்நுட்பத்துக்கென்றே ஆய்வுக்கூடங்கள் உண்டு. ஜெர்மனி என்றால் கட்டணமே கிடையாது என்று ஏஜென்ட் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். கார்ல்ஸ்ரூ இருக்கும் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் ஒரு செமஸ்டருக்கு 1500 யூரோ கட்ட வேண்டும் என்று 2017-இல் விதி வந்தது.

இவற்றில் எதுவும் கைகூடாதவர்களும் இருப்பீர்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கைக்குப் படிப்பு இருக்கிறது, உடனே சம்பாதித்தாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களை நினைத்தே இந்தப் பத்தியை எழுதுகிறேன். நீல எல்.இ.டி.க்காக 2014-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான ஷூஜி நகமுரா, ஷிகோகு தீவிலுள்ள டோகுஷிமா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்தப் பகுதியிலேயே இருந்த நிச்சியா என்ற நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பிரகாசமான நீல எல்.இ.டி.யை 1993-இல் உலகத்துக்குக் காட்டியபோது அவரிடம் முனைவர் பட்டம் இல்லை. அடுத்த ஆண்டுதான் வந்தது. இந்தத் துறையில் கல்லூரியின் பெயரைவிடச் செய்துகாட்டிய வேலைக்கு மதிப்பு அதிகம். லைட்டூல்ஸ், டிரேஸ்புரோ போன்ற ஒளியியல் வடிவமைப்பு மென்பொருள்களின் விலை தனி ஆளுக்கு எட்டாது. கவலைப்படாதீர்கள். ஸ்நெல் விதியை வெக்டர் வடிவில் எழுதி, பைத்தானில் நீங்களே ஒரு சிறு ரே டிரேசிங் நிரல் எழுதலாம். ஒரு லட்சம் கதிர்களை ஓட்டிப் பாருங்கள். பிறகு நான்கு லட்சம் ஓட்டுங்கள். படத்தின் புள்ளிக்கலக்கம் பாதியாகும். ஏன் நாலில் ஒரு பங்காகவில்லை என்று யோசிக்கும்போது புள்ளியியல் தாள் உயிர்பெறும். சாலைக்கும் அறைக்கும் வெளிச்சக் கணக்குப் போட டயலக்ஸ் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சிறிய விளக்குக் கம்பெனிகளிலும், விளக்கின் செறிவைக் கோணவாரியாக அளக்கும் கோனியோஃபோட்டோமீட்டர் வைத்திருக்கும் சோதனைக்கூடங்களிலும் பி.எஸ்சி. முடித்தவர்களை எடுக்கிறார்கள். சோதனைக்கூட வேலையை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். நூற்றுக்கணக்கான விளக்குகளின் ஒளிப்பரவலைக் கண்ணால் பார்த்துப் பழகியவர் பின்னாளில் வடிவமைக்க உட்காரும்போது அவருடைய கை தனியாகத் தெரியும்.

கண்ணைப் பற்றியும் படிக்க வேண்டும். லூமென் என்ற அலகே மனிதக் கண்ணை வைத்து வகுத்தது. 555 நானோமீட்டர் பச்சையில் ஒரு வாட் ஒளி 683 லூமென். அதே ஒரு வாட் அடர்சிவப்பில் கண்ணுக்குச் சிறு துளியாகத்தான் தெரியும். தி.நகரிலோ காஞ்சிபுரத்திலோ பட்டுப்புடவை எடுக்கப் போனால் அம்மாக்கள் புடவையை வாசல்வரை கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். அவர்கள் செய்வது சரியான அறிவியல் சோதனை. விலை குறைந்த எல்.இ.டி.யின் நிறமாலையில் அடர்சிவப்பு குறைவு. அரக்கும் மெரூனும் அதன் கீழே செத்துப்போகும். கடைக்குள் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நூல்கள் வெயிலில் வேறு வேறாகத் தெரியும். நிறக்காட்டல் குறியீடு 80 என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது. சிவப்புக்கான தனி மதிப்பையும் கேட்க வேண்டும். அதைக் கேட்கும் பொறியாளர் ஒருவர் அந்தக் கடையின் விளக்கைத் தேர்ந்தெடுத்திருந்தால் அம்மாக்களுக்கு வாசல்வரை நடக்கும் வேலை மிச்சம். அருங்காட்சியகம் இன்னும் நுட்பமானது. ஓலைச்சுவடி, பழந்துணி, காகிதம் போன்றவற்றுக்கு 50 லக்ஸுக்கு மேல் ஒளி படக் கூடாது. வெண்கலச் சிலைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, அங்கே நிழலும் பளபளப்பும்தான் சவால்.

வெளிச்சம் போடுவதைப் போலவே போடாமல் விடுவதும் எங்கள் வேலைதான். சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. குஞ்சு பொரித்து மணலுக்கு மேலே வந்ததும், அது வெளிச்சமான தொடுவானத்தை நோக்கி நகரும். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அந்த வெளிச்சம் கடல் பக்கம் இருந்தது. இன்று சாலை விளக்கு பக்கம் இருக்கிறது. குஞ்சு சாலையை நோக்கி ஊர்ந்து, காய்ந்தும் நசுங்கியும் சாகிறது. 1988-லிருந்து மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்புக் குழு இரவெல்லாம் மணலில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறது. உங்கள் வயதுப் பிள்ளைகள் கையால் செய்யும் அந்த வேலையில் ஒரு பகுதியை ஒரு நல்ல விளக்கு செய்ய முடியும். கற்றையைச் சாலைக்குள் அடக்கி, கடல் பக்கம் சில்லே தெரியாமல் மறைத்து, நீலத்தைக் கழித்து அம்பர் நிறத்தில் கொடுத்தால் குஞ்சுகளின் குழப்பம் வெகுவாகக் குறையும். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கும் இதே உதவி தேவை. சுற்றியுள்ள ஊர்களில் வானத்தை நோக்கிப் போகும் ஒவ்வொரு லூமெனும் அங்கே ஒரு மங்கலான விண்மீனை மறைக்கிறது.

சம்பளத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று நான்கு ஆண்டுகள் மென்பொருள் வேலைக்குப் போன உங்கள் நண்பர்களைவிடக் குறைவாகத்தான் வாங்குவீர்கள். வேலைகள் எண்ணிக்கையிலும் குறைவு, விளம்பரமும் பெரிதாக வராது. நிறுவனங்களின் பெயரைத் தேடி, நீங்களாகவே எழுதிக் கேட்க வேண்டியிருக்கும். ஆனால் இதில் அனுபவம் கரைவதில்லை. ஒரு மென்பொருள் மொழி பத்தாண்டில் பழசாகலாம். ஒளிவிலகல் விதி பழசாகாது. பத்து லென்ஸ்களை வார்ப்புவரை கொண்டுபோன ஒருவரைத் தேடி நிறுவனங்களே வரும். பெண் பிள்ளைகளிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தொழிற்சாலை என்றதும் வீட்டில் தயங்குவார்கள். வடிவமைப்பும் சோதனையும் பெரும்பாலும் அலுவலகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் நடப்பவை. சென்னையிலும் கோவையிலும் ஓசூரிலும் வாய்ப்புகள் உண்டு. இயற்பியல் வகுப்புகளில் பாதிக்கு மேல் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், எங்கள் வடிவமைப்பு அறைகளில் அந்த அளவுக்கு உங்களைக் காணவில்லை. வீட்டில் பேச இந்த மடல் உதவினால் அச்செடுத்துக் கொடுங்கள். ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று ஒதுங்காதீர்கள். கணக்கும் வரைபடமும் சரியாக இருந்தால் மீதியை ஆறு மாதத்தில் வேலையே கற்றுக்கொடுத்துவிடும்.

இந்த வாரமே ஒரு வேலை செய்யலாம். உங்கள் தெருவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு விளக்குக் கம்பங்களைத் தேர்ந்தெடுங்கள். இடைவெளியை டேப்பால் அளந்து, கம்பத்தின் உயரத்தை மதிய நிழலிலிருந்து கணக்கிடுங்கள். இரவில் போக்குவரத்து ஓய்ந்த பிறகு, கூட ஒருவரை வைத்துக்கொண்டு, சாலை ஓரமாக ஒரு கம்பத்திலிருந்து மற்றதுவரை இரண்டு மீட்டருக்கு ஒரு முறை தரையில் லக்ஸ் மீட்டரை வைத்து அளவெடுங்கள். மீட்டர் இல்லையென்றால் கைப்பேசிச் செயலி போதும். அதன் எண்கள் துல்லியமாக இருக்காது, ஆனால் நமக்கு வேண்டியது இடத்துக்கு இடம் உள்ள விகிதம்தான். சராசரியையும் மிகக் குறைந்த அளவையும் கண்டு, குறைந்த அளவைச் சராசரியால் வகுங்கள். 0.4 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், அந்த விளக்கு எந்தக் கோணத்தில் எவ்வளவு செறிவைத் தந்திருக்க வேண்டும் என்று ஒரு வரைபடம் போடுங்கள். விளக்கு வடிவமைக்கும் எந்த நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாலும் மதிப்பெண் பட்டியலுக்கு மேலே அந்தத் தாளை வைத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
ஓர் ஒளியியல் பொறியாளர்,
சென்னை